மைக்கண்ணன் சொன்ன முடிவு

திங்கட்கிழமை மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்குச் செய்தி வந்தது. பேருந்து நிலையத்தின் அறிவிப்பு அறையில் மைக்கண்ணன் அப்போது ஏழாவது நடைமேடை வண்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வண்டியானாலும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். முதல் தடவை முடித்து இரண்டாவதற்கு மூச்சு இழுத்தபோது மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. அண்ணி. வேலை நேரத்தில் கூப்பிடுகிற ஆள் இல்லை அவர். எடுத்துக் காதில் வைத்தார்.

"மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தவர் தம்பி. எழுந்திருக்கவே இல்ல. டாக்டர் வந்து பாத்துட்டுப் போயிட்டார்."

"எப்ப?" என்றார் மைக்கண்ணன்.

முப்பத்தொரு வருட வேலையில் முதல் தடவையாக மைக்கை அணைக்க மறந்திருந்தார். அந்த "எப்ப?" பன்னிரண்டு நடைமேடைகளிலும் கேட்டது. ஏழாவதில் பெட்டியோடு நின்ற ஒரு பெரியவர் நடத்துநரைப் பார்த்து, "வண்டி எப்பன்னு அவங்களே நம்மகிட்ட கேட்டா நாம யார்கிட்டப் போய்க் கேக்கறது?" என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள்.

மைக்கண்ணன் ஏழாவது நடைமேடை வண்டியை இரண்டாவது தடவையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். குரல் பிசகவில்லை. உள்ளே வீடே பற்றி எரிந்தாலும் வாசலில் நின்று வந்தவரை வரவேற்கிற குரல் அது. அந்தக் குரலை வைத்துத்தான் அவருக்கு அந்தப் பெயர். மேலதிகாரியிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர்வரை எல்லோருக்கும் அவர் மைக்கண்ணன்.

இறந்தது அவருடைய அண்ணன். சினிமாவுக்குக் கதை எழுதியவர். பதினான்கு படங்கள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றை எழுதியதற்காகவே இன்னொரு தலைமுறை அவரை நினைவில் வைத்திருக்கும் என்று மறுநாள் பத்திரிகையில் போட்டிருந்தார்கள்.

பத்திரிகையில் வராத ஒன்று உண்டு. அண்ணனுக்குத் திக்குவாய். பேச வேண்டும் என்று அவர் நினைத்த நேரத்தில் ஒரு சொல்லும் வெளியே வராது. முதல் எழுத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணில் நீர் வந்துவிடும். சினிமாக்காரர்கள் யாரும் கதையைப் படிக்க மாட்டார்கள், கேட்பார்கள். தயாரிப்பாளர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். எதிரே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சொல்ல வேண்டும். மழை என்று எழுதியிருந்தால் அறைக்குள் மழை பெய்ய வேண்டும். கதவு என்று எழுதியிருந்தால் தயாரிப்பாளர் திரும்பிக் கதவைப் பார்க்க வேண்டும்.

அதனால் அண்ணன் எழுதுவார், தம்பி சொல்வார். அரை நாள் லீவு போட்டுவிட்டு, சீருடைச் சட்டைக்கு மேல் வேறு சட்டை மாட்டிக்கொண்டு, இருபத்திரண்டு வருடம் தம்பி போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அண்ணன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, மோவாயைச் சற்றுத் தூக்கி உட்கார்ந்திருப்பார். எழுத்தாளர் பேசமாட்டார், தன் மூச்சையும் கதைக்கே செலவழிக்கிற மனிதர் என்று பேராகிவிட்டது. ஆழமானவர் என்றார்கள். அந்த ஆழம் தம்பிக்குத் தெரியும். 'டீ வேண்டாம்' என்று சொல்ல முடியாமல் ஒரே உட்காரலில் நாலு டீ குடித்த ஆழம்.

தம்பிக்கு இதில் குறை ஒன்றும் இருந்ததில்லை. அவருக்கு எழுத ஆசையில்லை. பேர் போட்டுக்கொள்ள ஆசையில்லை. வண்டிப் பட்டியலை வாசிப்பதுபோலத்தான் கதையையும் வாசித்தார். கண் பக்கத்தை எடுக்கும், வாய் கொடுக்கும். முன்கூட்டிப் படித்துப் பார்க்கவும் நேரம் இருக்காது. அண்ணன் கடைசி மணிவரை எழுதிக்கொண்டிருப்பார். அங்கிருந்து தாள்கள் தங்கையின் ஜெராக்ஸ் கடைக்குப் போகும். அவள் நகல் எடுத்து, ஓரத்தில் பின் அடித்துக் கொடுப்பாள். கை பட்டால் சுடுகிற அந்தக் கட்டோடு இரண்டு பேரும் ஸ்கூட்டரில் ஏறிப் போவார்கள்.

பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அந்த இயந்திரத்தில் தாள் சிக்கியது. தங்கை மூடியைத் திறந்து, இழுத்து, திட்டி, மறுபடி ஓடவிட்டாள். அவசரத்தில் கடைசிப் பதினோரு பக்கங்கள் வேறு யாருடைய விண்ணப்பப் படிவங்களுக்கோ அடியில் போய்விட்டன. கட்டு தொண்ணூறாம் பக்கத்தோடு நின்றது. அது மைக்கண்ணனுக்குத் தெரிந்தது தயாரிப்பாளரின் அறையில், தொண்ணூறாம் பக்கத்தைத் திருப்பியபோதுதான்.

அப்பா செத்துப்போன ஒரு குடும்பத்தின் கதை அது. மகன் அப்பாவின் படத்துக்கு முன்னால் நிற்கிறான். அவ்வளவுதான். அதற்கப்புறம் பின்னட்டை. தயாரிப்பாளர் கண்ணை மூடியபடி "ம்" என்றார். மைக்கண்ணன் அண்ணனைப் பார்த்தார். அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உதடு துடித்தது. எழுதினவர் அவர், முடிவு அவருக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல அவரிடம் வாய் இல்லை. வாய் வைத்திருந்தவருக்கு முடிவு தெரியாது. மறுபடியும் "ம்" என்றார் தயாரிப்பாளர்.

மைக்கண்ணன் வாய்க்கு வந்ததைச் சொன்னார். யோசித்துச் சொல்ல அவருக்குப் பழக்கமில்லை. அவருக்குத் தெரிந்திருந்த கதையும் ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் படத்துல இருக்கறவர் சாகல," என்றார். "மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை பையன் ரெண்டு பஸ் மாறிப் போறான். பச்சை கேட். உள்ள ஒரு நீளக் கூடம். எல்லாருக்கும் ஒரே சாம்பல் கலர் சட்டை, சட்டையில நம்பர்..."

ரெண்டு பஸ் என்றதுமே அண்ணன் பிடித்துக்கொண்டார். தம்பியின் தொடையை அழுத்தினார். "வே... வே..." என்றார். வேண்டாம் என்கிற சொல் முதல் எழுத்திலேயே முட்டிக்கொண்டது. கழுத்து புடைத்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. தயாரிப்பாளர் கண் திறந்து பார்த்துவிட்டு, "பாருங்க, எழுதினவரே தாங்கமாட்டேங்கறார்," என்றார். தானும் கைக்குட்டையை எடுத்தார். நிறுத்த முடியாமல் மைக்கண்ணன் சொல்லிக்கொண்டே போனார். அப்பா உயிரோடு இருப்பது வீட்டில் சின்னப் பெண்ணுக்கு மட்டும் தெரியாது. அப்பாவோ தினமும் அந்தப் பச்சை கேட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பொண்ணு வருவா, என் பொண்ணு வருவா என்று காத்திருக்கிறார்.

படம் ஓடியது அந்த இடத்துக்காகத்தான். அவர் சொன்னதிலேயே பொய்யான இடமும் அது ஒன்றுதான்.

நடந்தது வேறு. அப்பா நில அளவையாளராக இருந்தார். யாரிடமும் குரல் உயர்த்தாதவர். கடைசிப் பெண்ணுக்கு ஐந்து வயது நடக்கும்போது அவருக்கு மனத்தில் ஏதோ ஒன்று கழன்றுகொண்டது. மற்ற எல்லோரையும் தெரிந்தது, எல்லாக் கணக்கும் சரியாக இருந்தது. அந்தக் குழந்தையை மட்டும் தெரியவில்லை. யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை தவறி இங்கே வந்துவிட்டது என்று நினைத்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. விருந்தாளிப் பிள்ளையிடம் பேசுவதுபோல வாங்க போங்க என்று பேசினார். "சாப்பிட்டீங்களா? அம்மா தேடுவாங்களே, எப்பப் போறீங்க?" என்று கேட்பார். ஒரு நாள் அவளைப் பக்கத்து ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போய் பெஞ்சில் உட்காரவைத்து, பன் ஒன்று வாங்கிக் கையில் கொடுத்தார். 'இந்தக் குழந்தையை உரியவர்களிடம் சேர்க்கவும்' என்று எழுதிச் சட்டைப் பையில் செருகிவிட்டு, பெரிய பாரம் இறங்கின மனிதராக வீடு திரும்பினார். குழந்தை கிடைக்க இரண்டு நாள் ஆனது.

அந்த வாரமே அம்மா அவரை மனநலக் காப்பகத்தில் சேர்த்தார். பெரியவனுக்குப் பத்தொன்பது வயது, சின்னவனுக்குப் பதினைந்து. அப்பா எங்கே என்று பாப்பா கேட்டாள். உடம்பு சரியில்லை என்றால் பார்க்கணும் என்பாள். பார்த்தால் அவர் அவள் முகத்துக்கு நேராக நீங்க யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார். பெரியவன் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் நீட்டினான்: 'வெளியூர் போன இடத்தில் மாரடைப்பு என்று சொல்லிவிடலாம்.' அவன் எழுதிய முதல் கதை அதுதான் என்று சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரும் அதில் நடித்தார்கள். அம்மா தன் கடைசி நாள்வரை நடித்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார்.

காப்பகத்துக்குப் போகிற வேலை சின்னவர் தலையில் விழுந்தது. நாற்பது வருடமாக மாதா மாதம் அப்பா அவரிடம் கேட்பது ஒரே கேள்வி. "அந்தப் பிள்ளையை அவங்க வீட்டுல சேத்துட்டியாடா?" மைக்கண்ணன் சொல்வார், "சேத்தாச்சுப்பா." அப்பா முகம் தெளியும். அடுத்த மாதத்துக்குள் மறந்துவிடும்.

கதை விலைபோன அன்று வாசலுக்கு வந்ததும் அண்ணன் ஒரு சீட்டில் எழுதிக் காட்டினார்: 'அப்பாவை வித்துட்டே.' மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் படத்தின் கடைசி நாற்பது காட்சிகளையும் ஒரே மூச்சில் எழுதிக் கொண்டுவந்து வைத்தார். அபாரமாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார். அப்பா என்ன சொன்னார், எப்படி உட்கார்ந்தார், எதைப் பார்த்துச் சிரித்தார் என்று ஒவ்வொரு மாதமும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அண்ணன் ஒரு தடவைகூட அந்த கேட்டைத் தாண்டியதில்லை. ஆனால் நோட்டு ஒரு நாள் தாமதமானால் ஆள் அனுப்புவார். அப்பாவின் சிரிப்பு இரண்டு படங்களில் வந்தது. அப்பா பட்டன் போடுகிற விதம் ஒரு படத்தில். மைக்கண்ணன் அப்பாவைப் பார்க்கப் போகிறாரா, சரக்கெடுக்கப் போகிறாரா என்று அவருக்கே தெரியாமல் போயிற்று. நிறுத்தவும் முடியவில்லை. போகாவிட்டால் அந்தக் கேள்விக்கு யார் பதில் சொல்வது?

காப்பகத்தின் மேற்பார்வையாளர் அம்மா படத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அப்பாவுக்குக் கை வைத்த நாற்காலி ஒன்று போடப்பட்டிருந்தது.

தங்கையும் பார்த்தாள். மூன்று தடவை. முதல் தடவை பார்த்துவிட்டு வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டே, "எப்படிப்பட்ட குடும்பம்! ஒரு பொண்ணை இப்படியா ஏமாத்துவாங்க? சின்னண்ணா, உனக்கு எப்படிடா தோணுச்சு?" என்றாள்.

"எனக்கா? நான் என்னத்தக் கண்டேன். அண்ணன்தான்..."

"போடா. அந்தப் பதினோரு பக்கம் என்கிட்ட இருக்கு. படிவத்துக்கு அடியில கிடந்துது. அதுல பையன் கப்பல் ஏறிப் போயிடறான். அப்பா செத்தது செத்ததுதான். நீ சொல்லப்போய்த்தான் மாறியிருக்கு."

"போற வழியில அண்ணன் சொன்னான்."

"பெரியண்ணன் வழியில வாயால சொன்னானா? அவன் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஸ்கூட்டர்ல பெட்ரோல் தீந்துடும்!"

"சீட்டுல எழுதிக் குடுத்தான்."

"பதினோரு பக்கச் சீட்டா?"

அன்றிலிருந்து அவள் மனத்தில் ஒரு நியாயம் வேர்விட்டுவிட்டது. அந்தக் கதை சின்னண்ணனுடையது, பெரியண்ணன் அமுக்கிக்கொண்டான். விருது வாங்கிய இரவு எல்லோரும் கைதட்டியபோது அவள் மட்டும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீ எழுது, எழுது என்று அவரைப் பிடுங்கி எடுத்தாள். பிறந்த நாளுக்குப் பேனா வாங்கிக் கொடுத்தாள். ஒரு வருடம் இல்லை, ஆறு வருடம். ஆறு பேனாக்களும் அறிவிப்பு அறை மேசையில் கிடக்கின்றன. வண்டி எண்களைக் குறித்துக்கொள்ள உதவின.

அண்ணனை எடுத்துப்போனது செவ்வாய் காலை. புதன்கிழமை தங்கை அறிவிப்பு அறைக்கே வந்துவிட்டாள். கையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே ஓரம் பழுத்த பதினோரு தாள்கள்.

"சனிக்கிழமை சாயந்திரம் எழுத்தாளர் சங்கத்துல நினைவுக் கூட்டம். குடும்பத்து சார்பா அஞ்சு நிமிஷம் என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க."

"பேசேன். நல்ல விஷயம்தானே."

"இதைக் காட்டிப் பேசப்போறேன். அந்தக் கதை உன்னுதுன்னு."

கண்ணாடிக்கு வெளியே ஒரு நடத்துநர் நான்காவது நடைமேடை என்று விரலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாப்பா, செத்தவனை எதுக்கு..."

"உசுரோட இருந்தவரைக்கும் அவன் மனசு நோகும்னே. செத்தப்புறம் செத்தவன்னு சொல்றே. உனக்கு எப்பத்தான் வாய் வரும்? ஊருக்கே கத்தறே, உனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டியா?"

"எனக்கு வேண்டாம்."

"உனக்கு வேண்டாம். எனக்கு வேணும். எங்கண்ணன் ஒருத்தன் மூளையில அப்படி ஒண்ணு தோணியிருக்குன்னு நாலு பேருக்குத் தெரியணும். அண்ணி கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்." உறையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வெளிய பாரு, அந்த ஆள் விரல் நோகப்போவுது. சொல்லித் தொலை."

அவர் நான்காவது நடைமேடையைச் சொன்னார். இரண்டு தடவை. திரும்பிப் பார்த்தபோது அவள் படியிறங்கிவிட்டிருந்தாள்.

எப்படிப் புரட்டினாலும் வழியில்லை. அவளைப் பேசவிட்டால், எப்படி உங்களுக்கு அப்படித் தோன்றியது என்று நூறு பேர் கேட்பார்கள். அந்தப் பொய்யை இனித் தன் பேரில் சுமக்க வேண்டும், அவள் முன்வரிசையில் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்க. பேசாதே என்றால் காரணம் கேட்பாள். காரணம் ஒன்றுதான். அது கற்பனை இல்லை. அதைச் சொன்னால் அவள் அப்பாவைப் பார்க்கணும் என்பாள். சினிமாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அப்பாவை. அந்த அப்பாவை அவளுக்குக் கொடுத்ததே இவர்தான். தன் வாயால் கட்டிய சுவர் நாலு பக்கமும் நின்றது.

வியாழன் முழுக்க மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனார். கடை வீட்டுக்குக் கீழேயே, ஒரு ஆள் அகலம். சூடான தாளின் வாசனை. இயந்திரத்துக்கு மேலே சுவரில் அப்பாவின் படம். அலுவலக அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. படத்தில் அவருக்கு முப்பத்தொன்பது வயது. தங்கைக்கு இப்போது நாற்பத்தாறு.

யாருடைய வாடகை ஒப்பந்தத்தையோ நகலெடுத்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, மெஷினை நிறுத்து."

"இன்னும் ஆறு காப்பிதான். கெஞ்ச வந்தியா? வேலைக்காகாது."

"அந்தக் கதையை நான் எழுதல. எனக்குத் தோணவும் இல்ல." அவர் படத்தைப் பார்த்தார். "அவர் சாகல."

அவள் சிரித்தாள். "படத்து வசனமா? சொல்லு சொல்லு, நல்லாத்தான் சொல்றே." அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். இயந்திரம் ஆறு நகல்களையும் துப்பிவிட்டுத் தானே நின்றது.

நகல்களை எடுக்காமல் நின்றபடி, "பச்சை கேட்டா?" என்று கேட்டாள்.

"பச்சைதான். போன வருஷம் நீலம் அடிச்சுட்டாங்க."

"நாப்பது வருஷம்."

"ஆமா."

"அம்மாவுக்கும் தெரியும். பெரியண்ணனுக்கும் தெரியும். சினிமா பாத்த ஊருக்கே தெரியும்." குரல் உயரவில்லை. ஒப்பந்தத் தாள்களை ஓரம் தட்டிச் சீராக்கினாள், மறுபடியும் தட்டினாள். "என்னைக் கேப்பாரா?"

இந்த இடத்தில் மைக்கண்ணன் மீதியையும் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வந்திருந்தார். அவள் கண்ணில் இருந்ததைப் பார்த்ததும் வாய் மறுபடியும் பழைய வேலையைச் செய்தது.

"மாசா மாசம் கேப்பார்."

பொய் இல்லை. உண்மையும் இல்லை.

அவள் உட்கார்ந்தாள். "எனக்கு அவரைப் பத்தி ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம். என்னை வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவார். இத்தனூண்டு இருந்த என்னை. உங்க ரெண்டு பேரையும் வாடா போடாதான். எவ்வளவு செல்லம் பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குப் பாக்க முடியுமா?"

"பத்துலேர்ந்து பன்னெண்டு. ஆனா பாப்பா, நான் சொல்றதை..."

"கூட்டத்துக்கு வரமுடியலன்னு போன் பண்ணிடறேன்." பிளாஸ்டிக் உறையிலிருந்து அந்தப் பதினோரு தாள்களை எடுத்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி, சோதனை நகலுக்கான பழைய தாள் கட்டில் வைத்தாள். அவளுடைய வழக்கு அங்கே முடிந்தது. அவருடையது அப்படியே இருந்தது.

சனிக்கிழமை அவள் நல்ல பருத்திப் புடவை கட்டியிருந்தாள். அப்பாவுக்குப் புதுச் சட்டை வாங்கியிருந்தாள், அளவு தெரியாமல் இரண்டு அளவில். முதல் பேருந்தில் கேள்வியாகக் கேட்டாள். டீக்கு எத்தனை சர்க்கரை? பல் இருக்கிறதா? கண்ணாடி போடுகிறாரா? தூங்கும்போது எந்தப் பக்கம் படுப்பார்? மைக்கண்ணன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். நோட்டு எழுதிய பழக்கத்தில் ஒன்றுகூடத் தெரியாமல் இல்லை.

இரண்டாவது பேருந்தில் அவர் ஆரம்பித்தார். "பாப்பா, அவர் உன்னைக் கேப்பார்னு சொன்னேன்ல. அது எப்படிக் கேப்பார்னா..."

"சொல்லாதே. அவர் வாயால கேட்டுக்கறேன். இத்தனை வருஷம் உன் வாயால கேட்டது போதும்."

ஒன்பது நிறுத்தங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் இறங்கிவிடலாம் என்று நினைத்தார்.

நீல கேட்டில் இருந்த பதிவேட்டில் பெயர் எழுதி, போன்களைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். மேற்பார்வையாளர் அம்மா தங்கையை ஏற இறங்கப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. பார்வையாளர் கூடத்தில் அப்பா கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்பத்தொரு வயது. கழுத்துவரை பட்டன் போட்ட சாம்பல் சட்டை.

தங்கை நாலடி தள்ளி நின்றுவிட்டாள். அப்பா அவளைப் பார்த்தார். பார்வை அவள் முகத்தில் நெற்றியிலிருந்து மெதுவாக இறங்கி வந்தது, அளவெடுக்கிற மாதிரி. அப்புறம் இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றி எழுந்திருக்க முயன்றார்.

"வாங்கம்மா. உக்காருங்க."

அவள் மைக்கண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். முகம் முழுக்க மலர்ந்திருந்தது. வாங்க. அவளுக்கு ஞாபகம் இருந்த அந்த ஒரு சொல்.

"நீங்கதானே அந்தப் பிள்ளையோட அம்மா?" என்றார் அப்பா. "ஜாடை அப்படியே இருக்கு. வருவீங்கன்னு தெரியும். எங்க வீட்டுல இருந்தவரைக்கும் ஒரு குறையும் வைக்கலம்மா. பசின்னு சொல்ல விடல. ஆனா உங்க வீட்டுப் பிள்ளை, நாங்க எப்படி வச்சுக்கறது? பஸ் ஸ்டாண்டுல விட்டேன். பத்திரமா வந்து சேந்துச்சா?"

மைக்கண்ணன் வாயைத் திறந்தார். நாற்பது வருடமாக அந்த இடத்தில் வருகிற சொல் அன்றைக்கு வரவில்லை. முதல் எழுத்திலேயே முட்டிக்கொண்டு நின்றது. கழுத்து இறுகியது. அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

தங்கை பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு நோயாளி தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் கொண்டுவந்த சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வந்து சேந்துட்டாய்யா," என்றாள். பேருந்து நிலையம் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வந்தது அவளுக்கு. "கையில பன் வச்சிருந்தா."

"நான்தான் வாங்கிக் குடுத்தேன்." அப்பா மகிழ்ந்துபோனார். "நல்லா இருக்காங்களா?"

"இருக்கா. கடை வச்சிருக்கா."

"கெட்டிக்காரப் பிள்ளை. உங்களுக்குத்தான் கஷ்டம் குடுத்துட்டேன்." அவர் கையைக் கூப்பினார். விரல் நகங்கள் நீண்டு, மஞ்சளாகி, ஒன்றிரண்டு பிளந்திருந்தன. தங்கை அதையே பார்த்தாள்.

"நாங்க வெட்டப் போனா கையைக் குடுக்க மாட்டார்," என்றார் மேற்பார்வையாளர் அம்மா. "கொஞ்ச நாளா ரொம்ப அடம்."

"நகவெட்டி இருக்கா?"

மேசை இழுப்பறையிலிருந்து ஒன்று வந்தது. தங்கை கையை நீட்டினாள். அப்பா ஒரு கணம் தயங்கினார். பிறகு, கடன்பட்டவர் மறுக்கக் கூடாது என்பதுபோல, வலது கையை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் பெருவிரலில் ஆரம்பித்தாள். நகம் கெட்டியாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து தடவை அழுத்த வேண்டியிருந்தது.

நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள். "இதுக்குத்தான் மாசா மாசம் பதில் சொல்லிட்டிருந்தியா?"

மைக்கண்ணன் தலையை மட்டும் அசைத்தார்.

"அடுத்த மாசம் நான் சொல்லிக்கறேன்."

வலது கை முடிந்தது. இடது கையை அப்பா தானாகவே கொடுத்தார். பெருவிரல், ஆள்காட்டி விரல். நடுவிரலில் நகம் சதையோடு ஒட்டியிருந்ததால் நேரம் பிடித்தது. பன்னிரண்டுக்கு மணி அடித்தார்கள். மணி கேட்டதும் அப்பா கையை இழுத்துக்கொண்டு, நாற்காலியை விட்டு எழுந்து, மற்றவர்களோடு வரிசையில் போய் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையில் மோதிர விரலிலும் சுண்டுவிரலிலும் நகம் வெட்டவில்லை.